முதுகு மட்டும் என்னுது

தெரியும் சார். ஏறுனதுலேர்ந்து நாலு தடவ என்னத் திரும்பிப் பாத்துட்டீங்க. அடுத்து என்ன கேப்பீங்கன்னும் தெரியும். "நீங்க டிவியில வந்தவருதானே?" ஆமா. "பலகுரல் உலகநாதன்தானே?" அவனேதான். "அப்ப ஒண்ணு பண்ணிக் காட்டுங்களேன்." பாருங்க, சிரிக்கிறீங்க. மாட்டிக்கிட்டீங்க.

என்ன வேணும்? ரெண்டு பெரிய நடிகருங்க ஒரே டீக்கடையில கடைசி வடைக்குச் சண்ட போடுறதா? பொண்டாட்டி ஊருக்குப் போனப்பறம் வீட்டு மிக்ஸி எப்படி ஓடும், அவங்க திரும்பி வந்தப்பறம் எப்படி ஓடும், அதுவா? இல்ல, பின்னாடி வர்ற பிரைவேட் பஸ் ஆரனா?

ப்பாஆஆம்ம்!

பாருங்க பாருங்க, டிரைவர் எடது பக்கம் ஒதுங்குறாரு! அண்ணே! நான்தாண்ணே! பின்னாடி ஒண்ணும் வரல, நீங்க போங்க! திட்டுறாரு. பரவாயில்ல, பஸ் பூரா சிரிச்சிருச்சு. நமக்கு முன் சீட்டு அக்காவத் தவிர. திரும்பிக்கூடப் பாக்கல பாத்தீங்களா? எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்துல ஒரு ஆளு இப்படி இருப்பாங்க சார். மத்தவங்க சிரிச்சா சோறு. இவங்க சிரிச்சாத்தான் பேரு.

போதும். இன்னிக்கு இதுக்கு மேல பண்ணக் கூடாது. நான் போற காரியம் அப்படி.

இந்தப் பையில என்ன இருக்கும்னு நெனக்கிறீங்க? விக்கா? பஞ்சு வச்ச தொப்பையா? சாத்துக்குடி சார். ரெண்டு கிலோ. மருதங்கோட்டையில அம்சவல்லியம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க, அறுபத்தாறு வயசு. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கலாமா வேணாமான்னு கால் மணி நேரம் நின்னேன். அவங்க வீட்டுக்காரர் கொள்கைப்படி பாத்தா, புருஷன் போனவங்களுக்கும் பூ வாங்கிட்டுப் போகலாம். ஊரு வழக்கப்படி கூடாது. எதுக்கு வம்புன்னு சாத்துக்குடி. முந்நூறு பேரு குரல் வச்சிருக்கேன் சார் இந்தத் தொண்டையில. மன்னிப்புக் கேக்க எந்தக் குரல்ல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

சொல்றேன். ஒரத்தநாடு தாண்டித்தானே எறங்கணும், நேரம் இருக்கு.

அந்தம்மா வீட்டுக்காரரு பொற்செழியன் ஐயா. இந்தப் பக்கம் கேள்விப்பட்டிருப்பீங்க. ஐயரு இல்லாம, ஹோமம் இல்லாம சீர்திருத்தக் கல்யாணம் நடத்தி வைக்கிறவரு. ரெண்டாயிரம் கல்யாணத்துக்கு மேல. எப்பவும் கறுப்புச் சட்டை. மைக்கப் பிடிச்சாருன்னா, "மணமக்களே! கணவன் முன்னே, மனைவி பின்னே என்று நடந்த காலம் மலையேறிவிட்டது! சேர்ந்து நடங்கள்!" இதே குரல்தான் சார், அப்படியே. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அவரு உங்க பக்கத்துல உக்காந்திருக்காரு. பல கல்யாணத்துல அவருக்கு முன்னாடியே அவர மாதிரி பேசிக் காட்டியிருக்கேன். கோவிச்சுக்க மாட்டாரு. "என்னை விட நீ நல்லாப் பேசுறப்பா"ம்பாரு.

முந்தின வருஷம் ஐப்பசியில தவறிட்டாரு. அவரு பேருல ஊர்ல ஒரு கல்யாண மண்டபம் கட்டுனாங்க. சிலை வைக்கலாம்னாங்க. சிலை வச்சா பர்மிஷன் வேணும், அப்பறம் கம்பிக் கூண்டு போடணும், மேல காக்கா உக்காரும். ஐயா மக பூங்கோதை மேடம் மெட்ராஸ்ல பெரிய வேலை. அவங்க சொன்னாங்க, "வெளிச்சத்துல அப்பாவ நிக்க வைக்கலாம்."

சார், நீங்க சினிமா மாதிரின்னு நெனக்கிறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுக்கு ஜெபின்னு ஒரு இன்ஜினியர் வந்தான். நாரோயில் பக்கம். அவன் பேசுறது எப்படின்னா, மூக்கால சாப்புட்டுட்டு வாயால மூச்சு விடுற மாதிரி. "அண்ணே, திரையில விழுறது தட்டை. இது தட்டை இல்ல பாத்துக்கிடுங்க. உருளை." ஆள் நெஞ்சு உசரத்துக்கு ஒரு மேடை. அது மேல பெரிய கண்ணாடி பீப்பாய். உள்ள ஒரு மெல்லிசுத் தகடு சுத்துது. டேபிள் ஃபேன் சுத்துறப்ப றெக்கை தெரியாதுல்ல, அந்த வேகம். கீழேருந்து லேசர் கதிரு அந்தத் தகட்டுல புள்ளி புள்ளியா விழுது. ஒரு நொடியில லட்சக்கணக்கான புள்ளி. தகடு எங்க இருக்குறப்ப எந்தப் புள்ளி விழணும்னு கம்ப்யூட்டர் கணக்கு. அத்தனையும் சேந்து கண்ணுக்கு முன்னாடி ஒரு மனுசன் நிக்கிறான் சார், காத்துல. முன்னாடி போனா மூஞ்சி. பக்கத்துல போனா காது. பின்னாடி போனா முதுகு. கண்ணாடி கிண்ணாடி மாட்ட வேண்டியதில்ல, வெறுங்கண்ணு போதும்.

ஆறடி ஆளு, வெளிச்சத்துல மூணடி. அதுக்கு மேல பண்ணா தகடு பிச்சிக்கிட்டு கழுத்தச் சீவிடுமாம். அப்பறம் கறுப்புச் சட்டை முடியாதுன்னுட்டான். "கறுப்புன்னா வெளிச்சம் இல்லாததுண்ணே. கறுப்புச் சட்டை போட்டா தலையும் ரெண்டு கையும்தான் மெதக்கும்." கட்சிக்காரங்க ஒரு வாரம் சண்டை. கடைசியில வெள்ளச் சட்டை. வாழ்நாள் பூரா வெள்ளச் சட்டை போடாத மனுசன், செத்து வெளிச்சமானப்பறம் போட்டாரு.

இதுல எனக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? வாய்தான். ஒளிக்கு ஜெபின், ஒலிக்கு நானு. ரெக்கார்டு பண்ணி வச்சுட்டா வர்றவங்களப் பேரு சொல்லிக் கூப்புட முடியாதுல்ல? அதனால மணமகள் அறையில ஒளிஞ்சு உக்காந்துக்கிட்டு, டிவியில மண்டபத்தப் பாத்துக்கிட்டு, மைக்குல நேரடியாப் பேசணும். கைய ஆட்டுறது, கும்புடுறது, சிரிக்கிறது, வெரல நீட்டுறதுன்னு அஞ்சாறு அசைவு மட்டும் ஜெபின் பட்டன்ல.

குரலு படிக்கிறதுக்காகப் பூங்கோதை மேடம் அவங்க போன்லேர்ந்து பதினேழு ரெக்கார்டிங் அனுப்புனாங்க. அப்பா பொண்ணுகிட்டப் பேசுனது. "பதினஞ்சாவது வேணாண்ணே, அது தப்பா வந்திருச்சு, அழிச்சிருங்க"ன்னாங்க. தொழில்காரனுக்குத் தெரியாதா எது வேணும், எது வேணாம்னு? அதத்தான் மொதல்ல கேட்டேன். பொண்ணோட பேசிட்டு போன வைக்க மறந்துட்டாரு மனுசன். அந்தப் பக்கம் வீட்டுச் சத்தம். அம்மாவ ஏதோ அதட்டுறாரு. அடடா, என்ன குரலு சார் அது! மத்த பதினாறும் மேடைக் குரலு, மேல் தொண்டையிலேர்ந்து வருது. இது வயித்துலேர்ந்து வருது. இதுதான் ஆளு. நூறு தடவ கேட்டிருப்பேன்.

அப்பறம் ஒருநாள் ஜெபின் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடான்னா, "அண்ணே, முதுகு இல்ல." ஐயாவோட போட்டோ ஆயிரம் இருக்கு, வீடியோ இருக்கு, எல்லாம் முன்னாடி. மைக்கு முன்னாடி, மாலை போட்டு முன்னாடி. ஒரு தலைவரோட முதுக எவன் போட்டோ எடுப்பான்? சினிமான்னா விட்டுடலாம். இது சுத்திப் பாக்குற சாமான். முதுகு இல்லன்னா பின்னாடி பொக்கையா, நுங்கு நோண்டுன பனங்கா மாதிரி இருக்கும்.

நான்தான் சொன்னேன். வேற யாரு மேலயும் பழி போட மாட்டேன். "ஜெபினு, என் முதுக எடுத்துக்கயேன்."

ஏன்னா நான் குரல் மட்டும் பண்றவன் இல்ல சார். ஒடம்பையே மாத்துவேன். அவரு நிக்கிறது, இடுப்புல கை வைக்கிறது எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு சுத்துற பலகையில என்ன நிக்க வச்சு, நாப்பது கேமரா வச்சு எடுத்தான். கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் பின்பக்கம் பூரா என்னுது. முன்னாடி ஐயா, பின்னாடி நானு. "யாருக்குத் தெரியப் போவுது?" இதச் சொன்னதும் நான்தான்.

போன தை மாசம் தொறப்பு விழா. காலையில பத்தரை மணி. எழுநூறு பேரு. துணிய இழுத்தோம், வெளிச்சம் ஏறுச்சு, ஐயா நின்னாரு. சார்... ஒரு சத்தம் வந்துச்சு கூட்டத்துலேர்ந்து. நான் வாழ்க்கையில அந்தச் சத்தத்தக் கேட்டதில்ல, இன்னும் எனக்கு அது வாயில வரல. நான் பேசுறேன், "வாங்க தோழர் கலியபெருமாள், முழங்கால் வலி தேவலையா?" அவரு கேவிட்டாரு. "அடே ரத்தினசபாபதி, மூணாவது வரிசையில போயி ஒளியுற?" கைதட்டு. ஒவ்வொருத்தர் பேரும் எழுதி மேடம் கொடுத்திருந்தாங்க.

அப்பறம் நம்ம ஜனங்க என்ன பண்ணுச்சு? சுத்த ஆரம்பிச்சிருச்சு! சாமியே இல்லன்னு சொல்ற கூட்டம் சார். நடுவுல ஒண்ணு வெளிச்சமா நின்னா காலு தானா வலப்பக்கமாச் சுத்துது. ஒருத்தரு செருப்பக் கழட்டிட்டாரு. பக்கத்துல இருந்தவரு மொறச்சதும் மாட்டிக்கிட்டாரு.

அந்தச் சுத்துல அம்சவல்லியம்மாவும் வர்றாங்க. முன்னாடி வந்தப்ப மூஞ்சிய நிமிந்து பாக்கல. பக்கத்துல வந்தாங்க. பின்னாடி போனாங்க. நின்னுட்டாங்க.

அவங்க நின்னதால வரிசை நின்னுருச்சு. பின்னாடி வந்தவங்க ஒருத்தர் மேல ஒருத்தர். டிவியில பாக்குறேன், அந்தம்மா கண்ணாடிக்கிட்ட தலையக் கொண்டு போயி அந்த முதுகப் பாக்குறாங்க. என் முதுக. ஒரு நிமிஷம் இருக்கும். ஏதோ அழப் போறாங்கன்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

"முன்னாடி அவருதான். பின்னாடி யாரு இது?"

யாரோ "அம்மா, ஐயாதாம்மா"ங்கறாங்க.

"நாப்பத்தோரு வருசம் அவரு முன்னாடி நடக்க நான் பின்னாடி நடந்தவ. மூஞ்சிய மறந்தாலும் மறப்பேன். அவருக்கு எடது தோளு எறங்கியிருக்கும். கழுத்துக்குக் கீழ ஒரு குழி இருக்கும். இது அவரு முதுகு இல்ல. வேற ஆம்பள முதுகு."

சார், எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். இந்த அம்பத்திரண்டு வயசுல நான் அடுத்தவனா நிக்கிறப்ப என்ன யாரும் கண்டுபுடிச்சதில்ல. என் பொண்டாட்டிகிட்டயே அவ அண்ணன் மாதிரி போன்ல பேசி ஆயிரம் ரூபா கேட்டிருக்கேன், கொடுக்குறேன்னுட்டா. அந்தம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. குளிக்கிறப்ப கதவத் தொறந்துட்ட மாதிரி ஆயிருச்சு. கைய எடுத்து என் முதுக மூடப் பாக்குறேன், எட்டல. பூட்டுன ரூம்புக்குள்ள உக்காந்துக்கிட்டு!

கூட்டம் முணுமுணுங்குது. தலைமை விருந்தினரு எந்திரிச்சி நின்னுட்டாரு. மேடம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஜெபின் பட்டன் மேல கைய வச்சிக்கிட்டு சிலையாயிட்டான். மொத்த விழாவும் ஒரு நூல்ல தொங்குது. எனக்கு இருந்தது மூணு நொடி. டைமிங் சார். அரை நொடி முந்துனா உளறலு, அரை நொடி பிந்துனா விளக்கம். சரியா விழணும்.

வாயத் தொறந்தேன். அந்தப் பதினஞ்சாவது குரல் வந்துச்சு, வார்த்தையோட.

"ஏய்! வாய மூடிக்கிட்டுப் போயி ஒரு மூலையில உக்காருடி!"

ஜெபினுக்குப் பதட்டத்துல கை அமுங்கி, கரெக்ட்டா அதே நேரத்துல, உருவம் வெரல நீட்டுது! ஒத்திகை பாத்தாக்கூட அப்படி வராது சார்! ஒரு நொடி எல்லாரும் மூச்சப் புடிச்சாங்க. அப்பறம் பாருங்க... எழுநூறு பேரும். மண்டபம் இடிஞ்சிருச்சு. பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. ஆம்பளைங்க தொடையில தட்டுறாங்க. தலைமை விருந்தினரு கண்ணத் தொடச்சிக்கிட்டே உக்காந்துட்டாரு. விழா பொழச்சிருச்சு. அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்கு எந்த மேடையிலயும் கெடச்சதில்ல. அது உண்மை. சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா உண்மை.

அந்தம்மா? சிரிப்பு அடங்குற வரைக்கும் அங்கயே நின்னாங்க. அப்பறம் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நடந்தாங்க. முன் வரிசையில அவங்களுக்குன்னு சோபா போட்டிருந்துச்சு. அதத் தாண்டிப் போயிட்டாங்க. சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல, எலக்கட்டு அடுக்கியிருந்த எடத்துல ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதுல உக்காந்துட்டாங்க. அங்க காத்து நல்லா வரும் போல.

மேடம் அதுக்கப்பறம் என்னப் பாக்கவே வரல. நானும் நாலஞ்சு தடவ போன் பண்ணேன், எடுக்கல. பெரிய வேலையில இருக்குறவங்க, தலைக்கு மேல வேலை இருக்கும்.

ஜெபின்தான் வண்டிய ஓட்டிட்டு வந்தான். திருச்சி வந்ததும், "அண்ணே, அந்த முதுக எடுத்துட்டேன். இப்ப முன்னாடி மட்டும்தான் இருக்கு. செவரு ஓரமாத் தள்ளி வச்சுட்டாங்க"ன்னான். அதோட சரி.

சிரிக்காதீங்க சார். இல்ல, சிரிங்க. சிரிக்கிற மாதிரிதான் சொல்லிட்டேன், எனக்கு வேற மாதிரி சொல்ல வரல. ஆனா அன்னிலேர்ந்து அஞ்சு மாசமா என்னால ஜனங்களுக்கு முதுகு காட்டி நிக்க முடியல. மேடையிலேர்ந்து பின்பக்கமாவே நடந்து எறங்குறேன். அதையும் ஐட்டம்னு நெனச்சு கைதட்டுறாங்க. இப்பப் பாருங்க, பஸ்ல எடம் இருந்தும் கடைசி சீட்டு. பின்னாடி கண்ணாடி மட்டும்தான்.

என்ன உறுத்துதுன்னா, அந்தம்மா நம்பிட்டாங்க சார். முதுகு பொய்னு கண்டுபுடிச்சவங்க குரல நம்பிட்டாங்க. இல்லன்னா சொன்னதும் போயி உக்காருவாங்களா? செத்துப் போன புருஷன் ஒரு நிமிஷம் திரும்பி வந்து அதட்டிட்டுப் போனாருன்னுதானே நெனச்சிருப்பாங்க? வீட்டுக்குப் போயி எவ்வளவு அழுதாங்களோ. நாப்பத்தோரு வருஷப் பாசம். அதட்டுறதும் ஒரு பாசம்தானே? அதப் போயி நான் பொய்யாக் கொடுத்துட்டு வந்துட்டேன். அதான் இன்னிக்கு வீட்டுக்கே போறேன். கால்ல விழுந்துடுவேன். "அம்மா, அன்னிக்குப் பேசுனது ஐயா இல்ல. முதுகும் நானு, குரலும் நானு. ஏமாத்திட்டேன், மன்னிச்சிருங்க"ன்னு சொல்லிருவேன். அப்பறம் அவங்க ஆசப்பட்டா, ஐயா குரல்லயே நல்லதா, அன்பா, ரெண்டு வார்த்த பேசிக் காட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அவங்க கேட்டாத்தான். நானா பண்ண மாட்டேன்.

சார், சார், பாருங்க! முன் சீட்டு அக்கா திரும்பிட்டாங்க! என்னக்கா, எம்புட்டு நேரமாக் கேக்குறீங்க? கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? சொல்லுங்கக்கா, கூச்சப்படாம சொல்லுங்க, நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்.

"நான் மருதங்கோட்டைதான். அன்னிக்கு மண்டபத்துல இருந்தேன். ஐயா நாலு பேரு முன்னாடி அந்தம்மாவ வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாரு. எங்க யாருக்கும் வேற ஒண்ணும் தெரியாது. தெரிய விட்டதில்ல அந்தம்மா. நாப்பத்தோரு வருசம் வீட்டுக்குள்ளயே மூடி வச்சிருந்தத நீங்க மைக்குல போட்டுட்டீங்க. பேசுனது யாருன்னு அவங்களுக்கு அன்னிக்கே தெரியும். அவரு வீட்டுல சொல்றத எப்படி அப்படியே சொன்னான்னுதான் கேட்டுச்சு எங்கிட்ட. அதுக்கப்பறம் அந்தம்மா கடைக்கு வந்தா, தெருவுல நிக்கிற பயலுவல்லாம் வெரல நீட்டி அதையே சொல்லிச் சிரிக்கிறானுவ. எம்மவனுந்தான் சொல்றான். உங்கள மாதிரியே சொல்றான். அந்தம்மா இப்ப கடைக்கு வர்றதில்ல. நான்தான் சாமான் வாங்கிக் குடுக்குறேன்... ஸ்டாப்பிங் வந்துருச்சு, நான் எறங்கணும். நீங்க எறங்காதீங்க."